ஓடும் பன்றியும் எட்டாத ஒலிம்பிக்கும்

மலைநாட்டு மைதானங்கள் – 11

சென்ற வாரம் திரித்துவக் கல்லூரி மாணவர் டங்கன் வைட்டை 1950ஆம் ஆண்டு ஒக்லாந்தில் விட்டு வந்தோம். லண்டன் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்று இரண்டு வருடங்களில், எம்பயர் விளையாட்டு விழாவின் 440 யார் தடைதாண்டலில் அவருக்குத் தங்கம். பின்னாளில் பொதுநலவாய விளையாட்டு விழா என்று பெயர் மாறிய அந்த விழாவில் இலங்கைக்கு அடுத்த தங்கம் கிடைக்க 44 வருடங்கள் ஆயின.

1994இல் கனடாவின் விக்டோரியா நகரில் அதை வென்றவர்கள் இரண்டு பெண்கள்: புஷ்பமாலி ராமநாயக்க, மாலினி விக்கிரமசிங்க. பெண்களுக்கான எயார் ரைபிள் இரட்டையர் போட்டி அது. கண்டியில் வைட்டின் பெயர் தெரியாத விளையாட்டு ஆசிரியரைக் காண்பது அரிது. இந்த இருவரின் பெயரை எத்தனை பேர் சொல்வார்கள்? அந்த மறதி எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

துவக்கு என்றாலே இங்கு ஆண்களின் கை. உடுதும்பறை, பன்வில பக்கம் மரவள்ளியும் வற்றாளையும் நட்டவர்களைக் கேளுங்கள். இரவில் பன்றி இறங்கினால் கொல்லை உழுது போட்டதுபோல் ஆகிவிடும். பயிரைக் காக்க அனுமதிப் பத்திரத்தோடு துவக்கு வைத்திருப்பவர்கள் உண்டு. சட்டத்துக்குப் புறம்பாகக் கட்டுத்துவக்கு வைத்து, அதில் மனிதர்களே கால் இழப்பதும் உண்டு. விடிந்ததும் அந்தக் கொல்லையைத் திருத்தி மறுபடி நடுவது பெரும்பாலும் பெண்கள்தான்.

அதே பன்றிதான் ஒரு விளையாட்டின் இலக்கும் ஆனது. ஓடும் இலக்கைச் சுடும் 50 மீற்றர் போட்டியில் பாய்ந்தோடும் காட்டுப்பன்றியின் படத்தையே அட்டையில் அச்சிட்டார்கள். பிறகு வந்த 10 மீற்றர் போட்டியில் படம் போய், வட்டங்கள் வந்தன. நடுவில் குறிவைக்க ஒரு கறுப்புப் புள்ளி, இரு பக்கமும் மதிப்பெண் வளையங்கள். இடப்பக்கமாக ஓடும்போது ஒரு வளையம், வலப்பக்கமாக ஓடும்போது மற்றது.

இலக்கு வெளிப்படும் இடைவெளி இரண்டு மீற்றர்தான். மெதுவான ஓட்டத்தில் அதைக் கடக்க 5 செக்கன், வேக ஓட்டத்தில் இரண்டரைச் செக்கன். இலக்குத் தெரியும்வரை துவக்கின் அடிக்கட்டை இடுப்பை ஒட்டியே இருக்க வேண்டும். தெரிந்தபின் தூக்கி, தோளில் பொருத்தி, தொலைநோக்கி வழியாகப் புள்ளியைப் பிடித்து, கூடவே நகர்ந்து சுட வேண்டும். குண்டு செக்கனுக்குச் சுமார் 170 மீற்றர் வேகத்தில் போகிறது என்று வையுங்கள். பத்து மீற்றரைத் தொடுவதற்குள் வேக ஓட்ட இலக்கு நாலைந்து சென்ரிமீற்றர் தள்ளிப் போயிருக்கும். விசையை அழுத்தும் நேரத்தில் உடல் நின்றுவிட்டால் குண்டு பின்தங்கிவிடும். புஷ்பமாலியும் மாலினியும் ஆடிய போட்டிக்கு நேர் எதிரானது இது. அதில் பத்து மதிப்பெண் தரும் புள்ளியின் அகலம் அரை மில்லிமீற்றர், மூச்சுக்கூட அசையக்கூடாது.

ஓடும் இலக்குப் போட்டி ஒலிம்பிக்கில் பல வடிவங்களில் வந்து, 2004 ஏதென்ஸோடு நின்றது. அந்தக் காலம் முழுவதும் பெண்களுக்கென்று ஒரு பிரிவுகூட வைக்கப்படவில்லை. ஆசிய விளையாட்டு விழா அந்த வகையில் பெருந்தன்மை காட்டியது: 2010 குவாங்சோவில் பெண்களுக்குத் தனிநபர், குழு என இரண்டு பதக்கப் பிரிவுகளும் இருந்தன.

நகரும் இலக்கு பெண்களுக்குக் கடினம் என்பவர்களுக்குச் சீனாவின் ஷாங் ஷான் 1992இலேயே பதில் சொல்லிவிட்டார். பார்சிலோனா ஒலிம்பிக்கில், பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் ஸ்கீட் போட்டி ஆண், பெண் இருபாலாருக்கும் பொது. இறுதிச் சுற்றுக்கு முன் சுட்ட 200 தட்டுகளில் ஒன்றையும் அவர் தவறவிடவில்லை. மொத்தம் 223 எடுத்து, ஆண்கள் அனைவரையும் பின்தள்ளித் தங்கம் வென்றார். அடுத்த ஒலிம்பிக்கில் அவரால் அந்தப் பட்டத்தைக் காக்கக்கூட முடியவில்லை. 1996இல் ஸ்கீட் ஆண்களுக்கு மட்டும் என்றாகிவிட்டது. பெண்களுக்குத் தனி ஸ்கீட் வர 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விளையாட்டு வரலாற்றில் என்னை இவ்வளவு கோபப்படுத்திய முடிவு வேறில்லை.

அதே 2000இல், சிட்னியில், வைட்டுக்குப் பிறகு இலங்கையின் முதல் ஒலிம்பிக் பதக்கத்தைச் சுசந்திகா ஜயசிங்க வென்றார். 52 வருடக் காத்திருப்பையும் முடித்தவர் ஒரு பெண்ணே. எயார் ரைபிளில் ஆண்களுக்கு 60 குண்டு, பெண்களுக்கு 40 என்றிருந்த வேறுபாடும் 2018இல் போய்விட்டது.

கண்டிப் பெண்கள் பாடசாலைகளின் அதிபர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. எயார் ரைபிளுக்கு மைதானம் தேவையில்லை. குண்டு தாங்கும் பின்சுவரும், நல்ல வெளிச்சமும், பொறுப்பான பயிற்றுநரும், பத்து மீற்றருக்குச் சற்று மேல் நீளமுள்ள ஒரு மண்டபமும் போதும். மழை விடாத ஊரில், சரிவு நிலத்தில், ஓடுபாதை வெட்ட முடியாத பாடசாலைகளுக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டு எது? நிற்கும் இலக்கில் தொடங்கிக் கை பழகிய பிறகு, ஓடும் இலக்கையும் கொடுத்துப் பார்க்கலாம்.

அடுத்த வாரம் போகம்பறை மைதானத்துக்குப் போவோம்.