கூடுதல் வோல்டேஜுக்கு மலிவான அலாரம்: எதை வாங்கலாம்?

தருமபுரி பக்கம் கரண்ட் பிரச்சினை என்றால் பெரும்பாலும் லோ வோல்டேஜைப் பற்றித்தான் பேசுவோம். லைட் மங்கும், மோட்டார் எடுக்காது, கண்ணுக்குத் தெரியும். வோல்டேஜ் ஏறுவது அப்படி இல்லை. தெரிய வரும்போது டிவியும் ஃபிரிட்ஜும் போயிருக்கும். "மலிவா ஒரு அலாரம் சொல்லுங்க" என்று சொந்தக்காரர்கள் கேட்டதால், தேடிப் படித்ததை இங்கே குறித்து வைக்கிறேன்.

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு 240 வோல்ட். 6 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம். அதாவது சுமார் 226 முதல் 254 வரை சரி. பெரிய ஆபத்து, கம்பத்திலோ டிரான்ஸ்ஃபார்மரிலோ நியூட்ரல் அறுவது. அப்போது மூன்று ஃபேஸ்களுக்கும் பொதுவான பிடிமானம் போய்விடும். லோடு குறைவாக உள்ள ஃபேஸில் வோல்டேஜ் ஏறி, 415-ஐக்கூட நெருங்கலாம். 300 வோல்ட்டிலேயே ஹீட்டர் போன்ற கருவியில் வெப்பம் ஒன்றரை மடங்குக்கு மேல் போகும், ஏனென்றால் அது வோல்டேஜின் வர்க்கத்தில் ஏறுகிறது.

"எம்.சி.பி இருக்கே?" என்பார்கள். எம்.சி.பி பார்ப்பது கரண்டை, வோல்டேஜை அல்ல. ஷாக்கிலிருந்து காக்கும் ஆர்.சி.சி.பி-யும் இதற்காகச் செய்யப்பட்டதல்ல.

வெறும் அலாரம் போதுமா? சில நூறு ரூபாய்க்கு பிளக்கில் செருகும் வோல்ட்மீட்டர் கிடைக்கிறது. பஸ்ஸர் உள்ளதும் உண்டு. ஆனால் நியூட்ரல் போனால் சில நொடிகளில் பொருள் கருகிவிடும். நீங்கள் வயலில் இருந்தால் அது யாருக்காகக் கத்தும்? அதனால் என் தேர்வு, போர்டில் மாட்டும் ஓவர்-அண்டர் வோல்டேஜ் புரொடெக்டர். விலை ஆயிரம் ரூபாய்க்கு முன்பின் இருக்கும். அளவைக் காட்டும், வரம்பு மீறினால் தானே துண்டிக்கும், சரியானதும் சேர்க்கும்.

வாங்கும்போது மூன்று பாருங்கள். மேல் வரம்பை 265-270 அளவில் நாமே வைக்க முடிய வேண்டும். மறுபடி சேர்க்கும் தாமதத்தை மூன்று நிமிடமாவது வைக்க முடிய வேண்டும். ஃபிரிட்ஜ் கம்ப்ரஸருக்கு அது அவசியம். வீட்டுக்கு மூன்று ஃபேஸ் வந்தால் அதற்கான மாடலே வேண்டும். இடிக்கு இது உதவாது. அந்த வேகத்துக்கு சர்ஜ் புரொடெக்டர் தனி.

இனி கரண்ட். 16 ஆம்பியர் எம்.சி.பி, 18 ஆம்பியர் ஓடினால் ஒரு மணி நேரம் ஆனாலும் விழாது, 23.2 ஆம்பியரில்தான் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தே ஆக வேண்டும். தரநிலையே அப்படித்தான். பழைய ஒயரிங் சூடாவது இந்த இடைவெளியில். இங்கே அலாரம் உள்ள ஆம்பியர் மீட்டர் பயன்படும், ஏனென்றால் ஓடிப்போய் ஏதாவது ஒன்றை நிறுத்த நேரம் இருக்கிறது.

போர்வெல் மோட்டார் கதை வேறு. ஓடும்போது ஒரு ஃபேஸ் போனால் மீதி இரண்டில் கரண்ட் ஏறத்தாழ 1.7 மடங்காகும். ஸ்டார்ட்டரில் ஓவர்லோட் ரிலேயை மோட்டார் பிளேட்டில் உள்ள ஆம்பியருக்கு வைத்து, சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டரும் போடுங்கள். ஆழமான போரிலிருந்து மோட்டாரை வெளியே எடுத்து, காயில் கட்டி, மறுபடி இறக்கும் செலவோடு பார்த்தால் இது சில்லறை.

எலக்ட்ரீஷியன் மாட்டி முடித்ததும் ஒரு சோதனை கேளுங்கள்: புரொடெக்டரின் கீழ் வரம்பை, அப்போது காட்டும் வோல்டேஜுக்கு மேலே ஏற்றச் சொல்லுங்கள். உடனே துண்டிக்க வேண்டும். துண்டிக்காவிட்டால் அது வெறும் மீட்டர்தான், மாற்றிக் கேளுங்கள். துண்டித்தால் வரம்பைப் பழைய இடத்துக்கே இறக்கச் சொல்ல மறக்காதீர்கள்.