அட்டைக்கு முன்னே ஆஸ்பத்திரி



குழுவில் கடன் கேட்பவரிடம் "எதுக்கும்மா?" என்றால், "ஆஸ்பத்திரி செலவுக்கு" என்ற பதில் நமக்குப் பழகிப்போன ஒன்று. தாய்லாந்திலும் ஒரு காலத்தில் இதே கதைதான். வைத்தியத்துக்காகக் கடனில் விழுந்த குடும்பங்கள் அங்கும் ஏராளம்.

2001-இல் அந்நாட்டு அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஒருமுறை வைத்தியத்துக்கு 30 பாட் கட்டினால் போதும். மீதிச் செலவு அரசின் வரிப்பணத்தில். ஏழைகளுக்கு அந்த 30 பாட்டும் கிடையாது. 2002-இல் இதைச் சட்டமாகவே ஆக்கினார்கள்.

பணக்கார நாடா? இல்லை. 1997-இல் பொருளாதாரம் சரிந்து, மெல்ல எழுந்துகொண்டிருந்த நேரம் அது. பிறகு எப்படி முடிந்தது?

அட்டை கொடுப்பதற்குப் பல வருஷம் முன்பே கிராமப்புறங்களில் ஆஸ்பத்திரிகளும் சுகாதார நிலையங்களும் கட்டிவிட்டார்கள். படிப்பு முடித்த புது டாக்டர்கள் அரசுப் பணிக்கு வரணும் என்று 1972 முதலே விதி வைத்து, பலரைக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள்.

இன்னொரு பலம், கிராம சுகாதாரத் தொண்டர்கள். 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். பெரும்பாலோர் நம்மைப் போன்ற பெண்கள். ஆளுக்குச் சில வீடுகளைப் பொறுப்பெடுத்து, பிரஷர், சர்க்கரை உள்ளவர்களை விசாரிப்பார்கள். 2020-இல் கொரோனா வந்தபோது வீடு வீடாகப் போனவர்களும் இவர்களே.

மற்ற நாடுகளுக்கு இதில் பாடம் உண்டு. அட்டை கையில் இருந்தால் மட்டும் போதாது. பக்கத்திலேயே டாக்டரும் மருந்தும் இருக்கணும். வீட்டுக்கு வந்து விசாரிக்க ஊரிலேயே ஒருத்தி இருக்கணும். அடுத்த கிராம சபையில் நாமும் இதைக் கேட்போமா?