பதக்கமும் பத்திரமும்

பழைய ஜெர்மானிய யுத்தப் பதக்கங்களைச் சேகரிப்போர் பல தேசங்களிலும் உள்ளனர். அவர்களிடம் நாம் சொல்ல விரும்புவது ஒன்றே: பதக்கத்தைக் காட்டிலும் அதனுடன் அளிக்கப்பட்ட பத்திரத்தையே பெரிதாகப் போற்றுக.

1934-ம் வருஷம் ஜூலை 13-ந் தேதி ஜனாதிபதி ஹிண்டன்பர்க் ‘கௌரவச் சிலுவை’ என்னும் விருதை ஏற்படுத்தினார். 1914 முதல் 1918 வரை நடந்த மகாயுத்தத்தில் சேவை புரிந்தோருக்கு உரியது அது. போர்முனையில் நின்றவர்களுக்கு வாட்கள் பொறித்த சிலுவை, ஏனையோருக்கு வாளில்லாதது, மாண்டோரின் விதவைகளுக்கும் பெற்றோருக்கும் கரிய சிலுவை. லட்சக்கணக்கில் செய்யப்பட்ட இவற்றில் பெற்றவரின் பெயர் இல்லை. தனியே கிடைத்தால் அது வெறும் உலோகமே.

பத்திரமோ பேசுகிறது. பெயர், ஊர், தேதி, முத்திரை யாவும் அதில் உண்டு. 1934 ஆகஸ்டு 2-ந் தேதி ஹிண்டன்பர்க் காலமானார். பிறகு அப்பத்திரங்கள் ஹிட்லரின் பெயரால் வழங்கப்பட்டன. அவ்வாறு பெற்றவர்களில் யூத வீரர்களும் இருந்தனர்! தேசத்துக்காகப் போரிட்டவர்கள் என்று எழுதிக் கொடுத்த அதே சர்க்கார், 1935 செப்டம்பரில் இயற்றிய நூரெம்பர்க் சட்டங்களால் அவர்களுடைய பிரஜா உரிமையைப் பறித்தது. தன் அநீதிக்கு அந்தச் சர்க்காரே முத்திரையிட்டு அளித்த சாட்சியம் அப்பத்திரம்.

லாபம் கருதிப் பதக்கத்தையும் பத்திரத்தையும் பிரித்து விற்பாருண்டு. அது சாட்சியின் நாவை அறுப்பதற்கு ஒப்பாகும். வாங்குவோர் இரண்டையும் சேர்த்தே காப்பாற்றுவார்களாக. கொடுங்கோன்மையின் சின்னத்தை வழிபடுவதற்காக அல்ல; அதனால் வஞ்சிக்கப்பட்ட மனிதனின் பெயர் மறையாதிருக்க வேண்டும் என்பதற்காகவே.