எழுதிய வரிசையும் தெரியும் வரிசையும்

ஒரு நிரல் பல வேலைகளை ஒரே நேரத்தில் செய்ய வேண்டுமானால், அதைத் திரெட்டுகளாகப் பிரிப்பது வழக்கம். இன்றைய பிராசசர்களில் நான்கு, எட்டு எனப் பல கோர்கள் இருப்பதால் இந்தத் திரெட்டுகள் உண்மையிலேயே ஒரே கணத்தில் ஓடுகின்றன. அவை பகிர்ந்துகொள்ளும் நினைவகமோ ஒன்றுதான். இரண்டு திரெட்டுகள் ஒரே தரவைத் தொடும்போது இரண்டு கேள்விகள் எழுகின்றன. ஒன்றின் செயல் பாதியில் இருக்கும்போது மற்றது குறுக்கிட முடியுமா? ஒன்று செய்த மாற்றங்கள் மற்றதற்கு எந்த வரிசையில் தெரியும்? முதல் கேள்விக்கு விடை அட்டாமிக், அதாவது பிரிக்க முடியாத, செயல்பாடு. இரண்டாவதற்கு விடை நினைவக வரிசை. இவை இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் வரும் பிழைகள் ஏராளம்.

பிரிக்க முடியாத செயல்

ஒரு எண்ணியில் ஒன்றைக் கூட்டுவது நிரலில் ஒரே வரி. பிராசசருக்கு அது மூன்று படி: நினைவகத்திலிருந்து மதிப்பை எடுத்தல், ஒன்றைக் கூட்டல், திரும்ப எழுதுதல். எண்ணியில் 41 இருக்கும்போது இரண்டு திரெட்டுகள் ஒருசேர அதைப் படித்தால் இரண்டுமே 42 என்று எழுதும். ஒரு கூட்டல் காணாமல் போகும். இரண்டு திரெட்டுகளும் தலைக்கு 1,00,000 முறை கூட்டினால் விடை 2,00,000 ஆக வேண்டும். ஓட்டிப் பார்த்தால் பெரும்பாலும் குறைவாகவே வரும். ஒவ்வொரு முறையும் வேறு எண் வரும்.

இதைத் தடுக்க வன்பொருளே கைகொடுக்க வேண்டும். 1964இல் வந்த ஐபிஎம் சிஸ்டம்/360 கணினியிலேயே, ஒரு மதிப்பைச் சோதித்து அதே மூச்சில் மாற்றும் கட்டளை இருந்தது. அடுத்து வந்த சிஸ்டம்/370 வரிசை ‘ஒப்பிட்டு மாற்று’ என்னும் கட்டளையைத் தந்தது. கடைசியாகப் பார்த்த மதிப்பு இன்னும் அப்படியே இருந்தால் மட்டும் புதியது எழுதப்படும். இடையில் வேறொருவர் மாற்றியிருந்தால் எதுவும் எழுதப்படாமல் தோல்வி தெரிவிக்கப்படும். தோற்ற திரெட் புதிய மதிப்பைப் படித்து மறுபடி முயலும். 1989இல் வெளியான இன்டெல் 486 பிராசசரில் இதே கட்டளை இடம்பெற்றது.

உள்ளே நடப்பது இதுதான். ஒவ்வொரு கோருக்கும் கேச் என்னும் சொந்தச் சிறு நினைவகம் உண்டு. பெரும்பாலான பிராசசர்களில் அதன் அலகு 64 பைட் கொண்ட ஒரு வரி. அட்டாமிக் கட்டளையை நடத்தும் கோர் முதலில் அந்த வரியைத் தனக்கு மட்டும் உரியதாக்கிக்கொள்கிறது. மற்றக் கோர்களிடமுள்ள பிரதிகள் செல்லாதவையாகின்றன. மூன்று படிகளும் முடியும் வரை அந்த வரியை அது விட்டுக்கொடுப்பதில்லை.

‘ஒப்பிட்டு மாற்று’ கட்டளையின் வலிமையைக் கணினி அறிவியலாளர் மாரிஸ் ஹெர்லிஹி 1991இல் நிறுவினார். வெறும் படித்தல், எழுதுதலைக் கொண்டு, ஒன்றுக்காக ஒன்று காத்திராமல், இரண்டு திரெட்டுகளைக்கூட ஒரே முடிவுக்குக் கொண்டுவர இயலாது. சோதித்து மாற்றும் கட்டளை இரண்டு திரெட்டுகளுக்குப் போதும்; மூன்றாவது சேர்ந்தால் போதாது. ‘ஒப்பிட்டு மாற்று’ எத்தனை திரெட்டுகளுக்கும் போதும். லாக் (பூட்டு) இல்லாத அடுக்குகளும் வரிசைகளும் இதன்மேல்தான் கட்டப்படுகின்றன. அவற்றில் ஒரு பொறியும் உண்டு. ஒரு முகவரியிலிருந்த தரவு நீக்கப்பட்டு, வேறொரு தரவுக்காக அதே முகவரி திரும்ப வந்தால், ஒப்பீடு எதுவும் மாறவில்லை என்று நம்பிவிடும். முகவரியோடு ஒரு பதிப்பெண்ணையும் சேர்த்து ஒப்பிடுவது அதற்கான தீர்வுகளில் ஒன்று.

வரிசை கலையும் இடம்

செயல் பிளவுபடாது என்பதால் வரிசை காக்கப்படும் என்று பொருளில்லை. தனி ஒரு திரெட்டுக்கு விடை மாறாத வரை, வேகத்துக்காகக் கம்பைலர் கட்டளைகளை இடம் மாற்றலாம். பிராசசரும் அப்படியே. முதன்மை நினைவகத்தை எட்ட ஏறத்தாழ 100 நானோநொடி ஆகலாம். அதற்குள் கோர் பல நூறு கட்டளைகளை முடித்துவிடும். ஆகவே எழுத வேண்டியதை ஒரு சிறு இடைத்தாங்கியில் போட்டுவிட்டுக் கோர் அடுத்த வேலைக்குப் போகிறது. அந்த எழுத்து கேச்சுக்குப் போய்ச் சேரும் வரை மற்றக் கோர்களுக்கு அது தெரியாது.

விளைவு விசித்திரமானது. ‘அ’, ‘ஆ’ என்ற இரண்டு மாறிகளிலும் 0 இருக்கிறது. முதல் திரெட் ‘அ’வில் 1 எழுதி, ‘ஆ’வைப் படிக்கிறது. இரண்டாவது ‘ஆ’வில் 1 எழுதி, ‘அ’வைப் படிக்கிறது. யார் முந்தினாலும் ஒருவருக்காவது 1 தெரிய வேண்டும் என்பதே இயல்பான எதிர்பார்ப்பு. ஆனால் இருவருக்குமே 0 கிடைக்கலாம். இரண்டு எழுத்துகளும் அவரவர் இடைத்தாங்கியில் காத்திருக்கும். டெக்கரின் பரஸ்பர விலக்கு வழிமுறை, ஒருவருக்காவது 1 தெரியும் என்பதையே நம்பியிருக்கிறது. இன்றைய பிராசசரில் அதை அப்படியே எழுதினால், ஒரு நேரத்தில் ஒன்று மட்டுமே நுழைய வேண்டிய பகுதிக்குள் இரண்டு திரெட்டுகளும் ஒருசேர நுழைந்துவிடலாம்.

எல்லாத் திரெட்டுகளின் செயல்களும் ஒரே வரிசையில் நடந்ததுபோல் தெரிய வேண்டும், ஒவ்வொரு திரெட்டின் சொந்த வரிசையும் அதில் மாறாதிருக்க வேண்டும் என்னும் இலக்கணத்தைக் கணினி அறிவியலாளர் லெஸ்லி லாம்போர்ட் 1979இல் வகுத்தார். இன்று பரவலாகப் புழங்கும் பிராசசர்கள் இதைத் தாமாகத் தருவதில்லை. எக்ஸ்86 வகை ஓரளவு கண்டிப்பானது: மேலே கண்டதுபோல், எழுதியதற்குப் பின் வரும் படித்தல் முந்திக்கொள்வதை மட்டும் அனுமதிக்கிறது. ஆர்ம், பவர் வகைகளில் இரண்டு எழுத்துகளோ இரண்டு படித்தல்களோகூட இடம் மாறித் தெரியலாம். எக்ஸ்86 மேசைக் கணினியில் பிசகாமல் ஓடிய நிரல் ஆர்ம் கைப்பேசியில் தடுமாற இது ஒரு காரணம். ஆப்பிள் 2020இல் ஆர்ம் வகையான எம்1 சில்லைக் கொண்டுவந்தபோது, பழைய இன்டெல் நிரல்கள் பிழையின்றி ஓடுவதற்காக எக்ஸ்86இன் வரிசை விதியைப் பின்பற்றும் தனி நிலையை அதில் சேர்த்தது.

ரிலீஸ், அக்வயர்

நடைமுறையில் அதிகம் தேவைப்படுவது எளிய உத்தரவாதம். ஒரு திரெட் தரவைத் தயாரித்துவிட்டு, ‘தயார்’ என்று ஒரு கொடி மாறியில் 1 எழுதுகிறது. மற்றது கொடியில் 1 தெரிந்ததும் தரவைப் படிக்கிறது. கொடியை அட்டாமிக் ஆக்கினால் மட்டும் போதாது. கொடி முதலில் தெரிந்து, தரவு பழையதாகவே இருக்கலாம். கொடியை ‘ரிலீஸ்’ முறையில் எழுத வேண்டும், ‘அக்வயர்’ முறையில் படிக்க வேண்டும். அப்போது ரிலீசுக்கு முன் நடந்தவை அனைத்தும், அந்த மதிப்பை அக்வயர் மூலம் படித்தவருக்குத் தெரிந்தே தீரும். ஒரு பக்கம் மட்டும் செய்தால் பயனில்லை. ஒரு நேரத்தில் ஒரு திரெட்டை மட்டும் அனுமதிக்கும் மியூடெக்ஸ் லாக்கும் இப்படித்தான்: பூட்டுவது அக்வயர், திறப்பது ரிலீஸ்.

மொழிகள் தரும் ஒப்பந்தம்

பிராசசருக்கு ஒரு விதி என்றால் நிரலாளர் தாங்க மாட்டார். எனவே மொழியே ஒரு நினைவக மாதிரியை வகுக்க வேண்டியதாயிற்று. ஜாவா தொடக்கத்திலேயே முயன்றது. அதிலிருந்த ஓட்டைகள் 2004இல் ஜாவா 5இல் அடைக்கப்பட்டன. திரெட்டுகளை வெறும் நூலகமாகச் சேர்த்தால் போதாது, கம்பைலருக்கும் விதி தெரிய வேண்டும் என்று கணினி அறிவியலாளர் ஹான்ஸ் போம் 2005இல் வாதிட்டார். 2011இல் சி, சி பிளஸ் பிளஸ் இரண்டும் முறையான மாதிரியை ஏற்றன. அதன்படி, அட்டாமிக் அல்லாத ஒரே மாறியை இரண்டு திரெட்டுகள் ஒருங்கிணைப்பின்றித் தொட்டு, ஒன்றாவது எழுதினால், அந்த நிரலின் நடத்தைக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. சி மொழியின் ‘வாலடைல்’ என்னும் சிறப்புச்சொல் இதற்குத் தீர்வாகாது. ஜாவாவில் அதே பெயருள்ளதோ வரிசையைக் காக்கும்.

சி பிளஸ் பிளஸில் வேறெதுவும் குறிப்பிடாவிட்டால் மிகக் கண்டிப்பான வரிசையே கிடைக்கும். லாம்போர்ட் சொன்ன ஒற்றை வரிசையை அது அட்டாமிக் செயல்களுக்குத் தருகிறது. அடுத்தது அக்வயர்–ரிலீஸ் இணை. எக்ஸ்86இல் இந்த இணைக்கு வன்பொருள் கூடுதல் கட்டளை எதுவும் கேட்பதில்லை. ஆர்மில் தனிக் கட்டளைகள் உண்டு. கடைசியானது ‘ரிலாக்ஸ்டு’: செயல் பிளவுபடாது, ஆனால் மற்ற மாறிகளைப் பற்றி எந்த உறுதியும் தராது. வருகையாளர் எண்ணிக்கை போன்ற தனி எண்ணிகளுக்கு அது போதும்.

பெரும்பாலான நிரல்களுக்கு மியூடெக்ஸே பொருத்தமானது. அது பத்தாதபோது இயல்பான கண்டிப்பு வரிசையில் அட்டாமிக்கை எழுதலாம். அதற்கும் கீழே இறங்குவது, தாமதம் அங்கேதான் என்று அளந்து தெரிந்த பிறகே தகும். வேகம் குறைவதற்கு வரிசை விதி காரணமாகாமல், பல கோர்கள் ஒரே கேச் வரிக்கு அடித்துக்கொள்வதே காரணமாக இருக்கலாம். தொடர்பில்லாத இரண்டு எண்ணிகள் ஒரே 64 பைட் வரிக்குள் அமைந்தால்கூட இது நேரும். வரிசை சார்ந்த பிழைகள் வழக்கமான சோதனையில் அகப்படாமல் நழுவக்கூடியவை. ஆகையால் திரெட் சானிடைசர் போன்ற கருவிகளால் சோதிப்பதோடு, எந்த ரிலீஸ் எந்த அக்வயருக்கு இணை என்பதை நிரலிலேயே குறித்துவைப்பதும் நல்லது.