கரும்பில் ஆற்றல் சேமிப்பு

கரும்பில் ஆற்றல் சேமிப்பு என்பது, கரும்புப் பயிர் தன் தோகைகளில் விழும் சூரிய ஒளியின் ஆற்றலை வேதி ஆற்றலாக மாற்றி, தண்டின் உயிரணுக்களில் சுக்குரோசு எனும் சர்க்கரையாக இருத்தி வைத்து, தேவைப்படும்போது அதனை உடைத்துப் பயன்படுத்திக்கொள்ளும் நிகழ்வுத் தொடர் ஆகும். எல்லா உயிரினங்களும் ஏதேனும் ஒரு வடிவில் ஆற்றலைச் சேமிக்கின்றன. நெல் மாவுப்பொருளாகவும், நிலக்கடலை பெரும்பாலும் எண்ணெயாகவும் சேமிக்கின்றன. நீரில் கரைந்த சர்க்கரையாகவே தண்டு முழுவதும் நிரப்பி வைப்பது கரும்பின் தனித்தன்மை. பவானி ஆற்றுப் பாசனப் பகுதிகள் உட்பட, கொங்கு நாட்டில் கரும்பு பயிரிடும் உழவருக்கு விளைச்சலின் மதிப்பே உயிரணு சேமித்த இந்தச் சர்க்கரைதான்.

ஒளியைப் பிடித்தல்

தோகையின் உயிரணுக்களில் பசுங்கணிகம் எனும் நுண்ணுறுப்புகள் உள்ளன. அவற்றிலுள்ள பச்சையம் ஒளியை உறிஞ்சும்போது நீர் மூலக்கூறு பிளக்கப்பட்டு, ஆக்சிசன் வெளியேறுகிறது. எதிர்மின்னிகள் ஒரு சவ்வின் வழியே கைமாறிச் செல்கின்றன. அப்போது ஐதரசன் அயனிகள் சவ்வின் ஒரு பக்கத்தில் குவிகின்றன. அவை மறுபக்கம் பாயும் வழியில் ஒரு நொதி உள்ளது. அணையில் தேங்கிய நீர் சுழலியைச் சுற்றுவதுபோல், அயனிகளின் பாய்ச்சல் இந்நொதியின் ஒரு பகுதியைச் சுழற்றுகிறது. இது வெறும் உவமை அன்று. நொதி உண்மையிலேயே சுழல்கிறது. சுழற்சியின் விளைவாக அடினோசின் முப்பாசுபேட்டு, சுருக்கமாக ஏ.டி.பி, உருவாகிறது. இந்நொதி இயங்கும் முறையை விளக்கியமைக்காக பால் போயர், சான் வாக்கர் ஆகியோர் 1997-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் பாதியைப் பெற்றனர்.

ஏ.டி.பி கைச்செலவுக் காசு போன்றது. உண்டானவுடன் செலவாகிவிடும், சேர்த்து வைக்க இயலாது. எனவே தாவரம் அதன் ஆற்றலைக் கொண்டு கரியமில வாயுவைச் சர்க்கரையாகக் கட்டுகிறது. கரியமில வாயுவைப் பிணைக்கும் ரூபிசுகோ எனும் நொதிக்கு ஒரு குறை உண்டு: வாயுவுக்குப் பதிலாக ஆக்சிசனையும் பிணைத்துவிடும். அவ்வாறு நேர்ந்தால், கட்டிய கரிமத்தில் ஒரு பங்கு வீணாகும். வெப்பம் மிகுந்தால் இவ்விழப்பு கூடும்.

கரும்பு இதனை இரண்டு அடுக்கு உயிரணுக்களால் தவிர்க்கிறது. வெளி அடுக்கில் வேறொரு நொதி கரியமில வாயுவை நான்கு கரிம அணுக்கள் கொண்ட அமிலமாகப் பிணைக்கிறது. அவ்வமிலம் இலை நரம்பைச் சுற்றியுள்ள உள் அடுக்குக்குச் சென்று, அங்கு வாயுவை வெளிவிடுகிறது. ரூபிசுகோ உள் அடுக்கில் மட்டுமே இருப்பதால், செறிந்த கரியமில வாயுவின் நடுவே அது பிழையின்றி வேலை செய்கிறது. ஒரு வாயு மூலக்கூறுக்கு நெல் போன்ற பயிர்கள் 3 ஏ.டி.பி செலவிட, கரும்பு 5 செலவிடுகிறது. ஆயினும் வெயில் காயும் நிலங்களில் கரும்புக்கே ஆதாயம். விழும் ஒளியாற்றலில் கோட்பாட்டளவில் நெல் வகைப் பயிர்கள் அதிகம் போனால் 4.6 விழுக்காட்டையும், கரும்பு வகைப் பயிர்கள் 6 விழுக்காட்டையும் சேமிக்க இயலும் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. வயலில் கிடைப்பது இதைவிட மிகக் குறைவு.

இவ்வழிமுறை கண்டறியப்பட்டதும் கரும்பில்தான். அவாய்த் தீவுகளின் கரும்பு ஆய்வாளர்கள் 1965-இல் வெளியிட்ட முடிவுகளைத் தொடர்ந்து, ஆத்திரேலியாவில் ஆட்சு, சிலாக்கு ஆகியோர் 1966 முதல் அதன் படிகளை விளக்கினர்.

கோயம்புத்தூர்க் கரும்பு

பிடித்த ஆற்றலை எதில் போடுவது என்பதில் கரும்பு இனங்கள் வேறுபடுகின்றன. காட்டுக்கரும்பு அதனை நாராகவும் புதுத் தூர்களாகவும் செலவிடுகிறது, இனிப்பு குறைவு. ஆலைக்கரும்பில் இனிப்பு மிகுதி. ஆனால் நோயும் வறட்சியும் தாங்காது. இவ்விரண்டையும் இணைக்கும் பணி 1912-இல் கோயம்புத்தூரில் நிறுவப்பட்ட கரும்பு இனப்பெருக்கு நிறுவனத்தில் நடந்தது. கரும்பு இங்கு நன்றாகப் பூப்பது இவ்வூரைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம். பூ இல்லையேல் ஒட்டு இல்லை. சார்லசு ஆல்பிரட் பார்பர், தி. சு. வெங்கட்ராமன் ஆகியோர் 'வெள்ளை' எனும் இனிப்புக் கரும்பையும் கோவைப் பகுதிக் காட்டுக்கரும்பையும் ஒட்டி உருவாக்கிய கோ 205 என்னும் வகை 1918-இல் வட இந்தியாவிற்காக வெளியிடப்பட்டது. தாவரவியலாளர் சானகி அம்மாள் 1930-களில் இங்குக் கரும்பின் நிறப்புரிகளை ஆராய்ந்தார். இந்நிறுவனத்தின் கோ 86032 வகை 2000-இல் வெளியிடப்பட்டு, தமிழ்நாட்டிலும் மகாராட்டிரத்திலும் பெரும்பரப்பில் பயிரானது.

சேமிப்பும் பாசனமும்

தோகையில் உருவான சுக்குரோசு, உரியத்தின் வழியே தண்டுக்கு இறங்குகிறது. அங்கு உயிரணுவின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும் வாக்குவோல் எனும் சவ்வுப் பைக்குள் செலுத்தப்படுகிறது. இதற்கும் ஏ.டி.பி செலவாகிறது. வளரும் பருவத்தில் இன்வர்டேசு எனும் நொதி இச்சர்க்கரையைக் குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் உடைத்து, வளர்ச்சிக்குக் கொடுத்துவிடும். நீரும் தழைச்சத்தும் குறைந்து வளர்ச்சி தணியும்போதே சர்க்கரை சேரத் தொடங்குகிறது. அறுவடைக்கு முன் உழவர்கள் பாசனத்தை நிறுத்துவது இதனால்தான். கடைசி வாரங்களில் நீர் பாய்ச்சினால் எடை கூடும், சாறு நீர்த்துப்போகும்.

ஆற்றலை வெளிவிடல்

நட்ட கரணை முளைவிடும்போது அதற்குத் தோகை கிடையாது. அது சேமிப்பை உடைத்தே வாழ்கிறது. குளுக்கோசு முதலில் உயிரணுவின் நீர்மத்தில் இரண்டாகப் பிளந்து, நிகரமாக 2 ஏ.டி.பி தருகிறது. எஞ்சியது இழைமணி எனும் நுண்ணுறுப்பில் ஆக்சிசனுடன் படிப்படியாக எரிந்து, மொத்தம் ஏறத்தாழ 30 ஏ.டி.பி கிடைக்கிறது. பசுங்கணிகத்தில் கண்ட அதே சுழலும் நொதியின் உறவினமே இங்கும் வேலை செய்கிறது. குளுக்கோசின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஏ.டி.பி-இல் சேர்கிறது, மீதி வெப்பமாகும்.

ஏ.டி.பி-ஐ 1929-இல் செருமனியில் கார்ல் உலோமனும், அமெரிக்காவின் ஆர்வர்டில் பிசுக்கே, எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆகியோரும் தனித்தனியே கண்டறிந்தனர். சுப்பாராவ் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். உடலின் ஆற்றல் பற்றிய எந்தப் பாடநூலிலும் இடம்பெற வேண்டிய பெயர்; பலவற்றில் காணப்படுவதில்லை.

வெட்டிய பின்

வெட்டிய கரும்பும் உயிருள்ளதே. அதன் உயிரணுக்கள் தொடர்ந்து சுவாசிக்கின்றன. இன்வர்டேசு சுக்குரோசை உடைக்கிறது. வெட்டுவாய் வழியே நுழையும் பாக்டீரியாக்களும் பங்கு கேட்கின்றன. வெட்டிய 24 மணி நேரத்திற்குள் அரைக்க வேண்டும் என்று அறிவுறுத்தப்படுவது இதனால்தான். ஆலை வாயிலில் வண்டிகள் காத்துக் கிடந்தால், எடையும் சர்க்கரையும் சேர்ந்தே குறைகின்றன.

ஈரோடு மாவட்டத்தின் கவுந்தப்பாடி போன்ற ஊர்களில் வெல்லமும் நாட்டுச்சர்க்கரையும் காய்ச்சுவோர் இவ்வேதியியலைக் கையால் அறிவர். உடைந்த சர்க்கரை மிகுந்த சாறு எவ்வளவு காய்ச்சினாலும் உறுதியாக இறுகாது; பாகு பிசுபிசுக்கும். சாற்றில் சுண்ணாம்பு சேர்ப்பது அமிலத்தன்மையைக் குறைத்து, மேலும் உடையாமல் தடுக்கும். கொப்பரையின் அடியில் எரிவது பெரும்பாலும் அதே கரும்பின் காய்ந்த சக்கை. அதிலுள்ள செல்லுலோசும் தோகை பிடித்த ஒளியே. இழைமணியில் பல படிகளில் வெளிவரும் ஆற்றல், அடுப்பில் ஒரே மூச்சில் வெப்பமாக வெளியேறுகிறது.