படிப்பு ஏறாத பிள்ளைகள்



காரைக்காலின் மீனவச் சிற்றூர்களில் ஒன்றான கிளிஞ்சல்மேட்டில் "பையனுக்குப் படிப்பு ஏறல" என்னும் சொல்லை நாம் அடிக்கடி கேட்கிறோம். அந்த ஒரு சொல்லோடு ஒரு சிறுவனின் பள்ளி வாழ்வு முடிந்துவிடுகிறது. எட்டாம் வகுப்போ ஒன்பதாம் வகுப்போ பாதியில் நிற்கும். அடுத்த மாதம் அவன் படகில் இருப்பான். கடல் தொழில் தாழ்ந்தது என்று நாம் கூறவில்லை. ஆனால் விரும்பிப் போவது வேறு, வேறு வழியின்றிப் போவது வேறு அல்லவா? வாடையையும் கொண்டலையும் முகத்தில் பட்டவுடன் அறிகிறவன், வலைக்கண்ணைப் பார்த்தே அது எந்த மீனுக்கான வலை என்று சொல்கிறவன், மூன்று வரித் தமிழை வாசிக்கத் திணறினால் அவனை மந்தபுத்தி என்று எப்படிச் சொல்வோம்?

இத்தகைய பிள்ளைகளுள் சிலருக்கு இருப்பது டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடு. 1896ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் மருத்துவர் பிரிங்கிள் மார்கன், பெர்சி என்ற 14 வயதுச் சிறுவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரன் என்று அவனுடைய ஆசிரியரே கருதினார். ஆயினும் அவனால் வாசிக்க முடியவில்லை. இது சோம்பலால் வருவதன்று; பெற்றோரின் வளர்ப்பால் வருவதுமன்று. சொல்லைத் தனித்தனி ஒலிகளாகப் பிரித்து, அவற்றை எழுத்தோடு இணைக்கும் வேலையை மூளை வேறுவிதமாகச் செய்கிறது. குடும்ப வழியாகவும் வருவதுண்டு. மகனைத் திட்டும் தந்தையே கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவராக இருப்பதை நாம் கண்டிருக்கிறோம். அவருக்குப் பள்ளியில் என்ன நேர்ந்தது என்று யாரும் கேட்டதில்லை.

தமிழ் எழுதியபடியே வாசிக்கும் மொழி, அதில் இச்சிக்கல் வராது என்று சிலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. 247 எழுத்துகளைக் கைவசப்படுத்த வேண்டும். 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னே நிற்கிறது, ஒலியோ பின்னே வருகிறது. 'கொ' என்றால் மெய்க்கு முன்னும் பின்னும் குறிகள். ல, ள, ழ மூன்றும் நம் பேச்சில் பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிக்க, எழுத்தில் மட்டும் பிரிகின்றன. தமிழ்ப் பிள்ளை தப்பாக வாசிப்பதைவிட, மிக மெதுவாக, எழுத்தெழுத்தாக வாசிக்கும். சிலர் பாடத்தையே மனப்பாடம் செய்து ஒப்பித்துத் தப்பித்துவிடுவர். கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி வாசிக்கச் சொல்லிப் பாருங்கள், உண்மை தெரிந்துவிடும்.

இனி மதிப்பீட்டுக்கு வருவோம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளுள் கற்றல் குறைபாட்டையும் சேர்த்தது. 2018 ஜனவரியில் வெளியான நடுவண் அரசின் வழிகாட்டுதல், மூன்றாம் வகுப்பில் அல்லது எட்டு வயதில் ஆசிரியரே முதலில் கண்டறிய வேண்டும் என்று வகுத்தது. பின்னர் கண்ணும் காதும் சோதிக்கப்படும். அடுத்து நுண்ணறிவுச் சோதனை. அதன்பின் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் கற்றல் குறைபாட்டுச் சோதனை. வாசிப்பு, எழுத்து, கணக்கு என ஒவ்வொன்றையும் தனியே பார்ப்பார்கள். பள்ளிக்கே ஒழுங்காகப் போகாததால் வந்த பின்னடைவா, உண்மையான குறைபாடா என்று பிரித்தறிவதே இதில் கடினமான பகுதி. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளையை ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துவிட்டு முடிவு கூறுவது அநீதி என்பது நம் கருத்து. பெற்றோர் இதைத் தயங்காமல் கேட்க வேண்டும்.

சான்றிதழ் கிடைத்தால் பொதுத்தேர்வில் மூன்று மணி நேரத் தாளுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஒருவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2023 முதல் படிப்படியாக மத்தியக் கல்வி வாரியத்திற்கு மாறியதால், நம் பிள்ளைகளுக்கு இச்சலுகை முன்னினும் தேவையாகிறது. ஆனால் "மாற்றுத்திறனாளி" என்று தாளில் எழுதிவிட்டால் பெண்பிள்ளைக்கு வரன் வருமா என்று தாய்மார் அஞ்சுகின்றனர். அந்த அச்சத்தைச் சிரித்து ஒதுக்கிவிட முடியாது. சான்றிதழ் வேண்டாம் என்றாலும் பயிற்சி பெறலாம் என்பதை அவர்களுக்குச் சொல்ல வேண்டும். சான்றிதழ் வாசிக்கக் கற்றுக்கொடுப்பதில்லை, பயிற்சிதான் கற்றுக்கொடுக்கிறது.

அந்தப் பயிற்சி மாலை நேர டியூஷன் அன்று. நாற்பது பேர் நடுவே அதே பாடத்தை இன்னொரு முறை உரக்கச் சொல்வதால் இப்பிள்ளைக்கு ஒரு பயனும் இல்லை. அமெரிக்காவில் ஆர்ட்டன், கில்லிங்ஹாம் ஆகிய இருவரும் 1930களில் உருவாக்கிய வழியே இன்றும் பலவற்றுக்கு அடிப்படை: கண், காது, கை மூன்றையும் ஒருசேரப் பயன்படுத்துவது. எழுத்தை மணலில் விரலால் வரைந்துகொண்டே அதன் ஒலியைச் சொல்வது (மணலுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை). 'படகு' என்பதை ப-ட-கு என்று கைதட்டிப் பிரிப்பது. ட, ப, ம போன்ற எளிய வடிவங்களில் தொடங்கி, ஒன்று உறுதியான பிறகே அடுத்ததற்குப் போவது. ஒருவருக்கு ஒருவர், அல்லது இரண்டு மூன்று பேர் மட்டும். நாள்தோறும் சிறிது நேரம். மாதக்கணக்கில் அன்று, ஆண்டுக்கணக்கில் நடக்கும்.

சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் 1990களின் தொடக்கத்திலிருந்து இப்பணியைச் செய்து வருகிறது. ஆசிரியர்களுக்கும் பயிற்சி தருகிறது. காரைக்காலிலிருந்து சென்னை ஏறத்தாழ 300 கிலோமீட்டர். ஒரு பிள்ளையை வாரந்தோறும் அங்கே கொண்டுபோக இயலாது. ஆனால் நம் பகுதிப் பள்ளி ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் ஆசிரியர் போய்க் கற்று வரலாம். பள்ளி நடத்தும் நம் சபைகளும் பங்குகளும் புதிய கட்டடத்திற்கு முன் இதை எண்ணிப் பார்க்கலாமே!

மதிப்பீடு பெரும்பாலும் ஒரே நாளில் முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும், தந்தையும் வீட்டில் இருப்பார், கோடை விடுமுறையும் வரும். அலைவதற்கு ஏற்ற காலம் அதுவே. போகும்போது மதிப்பெண் பட்டியலை மட்டுமன்றி, சிவப்பு மையால் திருத்திய பழைய நோட்டுகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பிள்ளை எங்கே இடறுகிறது என்பதை மருத்துவர் அவற்றில்தான் முதலில் தேடுவார்.