இறாலின் எமனைக் காட்டிக்கொடுக்கும் ஜீன்

குளத்தில் குஞ்சு விட்டு மூன்று, நான்கு வாரங்கள்தான் ஆகியிருக்கும். தீனியில் குறைவில்லை, ஆனாலும் இறால்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து விழும். 2009-இல் சீனாவிலும், அதையடுத்து வியட்நாம், தாய்லாந்து முதலிய நாடுகளிலும் இறால் வளர்ப்போரைக் கலங்கடித்த நோய் இது. செத்த இறாலை அறுத்துப் பார்த்தால், உணவைச் செரிக்க உதவும் கல்லீரல்-கணையம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. குடல் வெறுமையாக இருந்தது.

குற்றவாளி யார்?

2013-இல் அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் டொனால்டு லைட்னர் குழுவினர் விடை கண்டனர்: விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் என்னும் பாக்டீரியா. ஆனால் இது கடல்நீரில் இயல்பாகவே வாழ்வது. இதன் வகைகளில் பல, இறாலுக்கு இந்நோயைத் தருவதில்லை. கொல்லும் வகையும் கொல்லாத வகையும் நுண்பெருக்கியில் ஒன்றுபோலவே தோன்றும். அப்படியானால் பிரித்தறிவது எப்படி?

வேற்றுமை ஜீனில் இருக்கிறது. கொல்லும் வகையில் பிளாஸ்மிட் என்னும் சிறிய டி.என்.ஏ. வளையம் ஒன்று உண்டு. அதிலுள்ள பிர்-ஏ, பிர்-பி என்னும் இரு ஜீன்கள் ஆக்கும் நச்சுப் புரதங்களே கல்லீரல்-கணையச் செல்களை உதிரச் செய்கின்றன. இவ்வளையம் விப்ரியோ இனத்தின் வேறு சில பாக்டீரியாக்களிலும் காணப்பட்டிருக்கிறது. எனவே பாக்டீரியாவின் பெயரைவிட, நச்சு ஜீன் உண்டா என்பதே முக்கியம்.

ஒன்று நூறு கோடியாகும் விந்தை

இதற்கு உதவுவது, 1983-இல் காரி முல்லிஸ் கண்ட பாலிமரேஸ் சங்கிலி வினை. மாதிரியிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வை ஏறத்தாழ 95 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கினால் அதன் இரு இழைகளும் பிரியும். சற்றே குளிரவிட்டால், நச்சு ஜீனுக்கெனவே அமைத்த 'தொடக்கி' என்னும் குறுந்துண்டுகள் உரிய இடத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு 72 டிகிரியில் ஒரு நொதி புதிய இழையைப் பின்னும். ஒவ்வொரு சுற்றிலும் ஜீன் இரட்டிப்பதால், 30 சுற்றுகளில் ஒன்று நூறு கோடிக்கு மேலாகப் பெருகிவிடும்! ஜீன் இல்லையென்றால் தொடக்கி ஒட்ட இடமில்லை, பெருக்கமும் இல்லை.

தாய் இறாலைக் கொல்லாமலே அதன் கழிவைச் சோதிக்கலாம். குஞ்சுகளைக் குளத்தில் விடுமுன்பே மாதிரி எடுத்துப் பார்க்கலாம். எனினும் இச்சோதனைக்கு எல்லை உண்டு. இறந்த பாக்டீரியாவின் டி.என்.ஏ.வும் 'உண்டு' என்றே காட்டும். கிருமி மிகக் குறைவானால் தப்பிவிடவும் கூடும். அதனால்தான் மாதிரியைச் சில மணி நேரம் ஊட்டக் கரைசலில் வளர்த்தபின் சோதிக்கிறார்கள். எடுத்த மாதிரியில் நோயுற்ற குஞ்சு ஒன்றேனும் இல்லாவிட்டால், எந்தக் கருவியாலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. கண்ணுக்கு நோய் தெரியும்போது குளம் கைவிட்டுப் போயிருக்கும். ஜீனோ முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அதைக் கேட்டு நடப்பது வளர்ப்பவர் கையில் இருக்கிறது.